கண்காணி யார்? – திட்டக்குடியும் தொலைவிலிருந்து திருப்பப்படும் கேமராவும்

சோழர் காலக் கல்வெட்டுகளைத் தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்குக் 'கண்காணி' என்னும் சொல் நன்கு பழக்கமானது. கோயிலின் கொடைகளும் கணக்குகளும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்து வந்த சிவனடியார் குழுவை 'ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார்' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. கொடை அளித்தவர் எங்கோ தொலைவில் இருப்பார். அவர் வைத்த விளக்கு நாள்தோறும் எரிகிறதா, அவர் அளித்த நெல் அளவு குறையாமல் அளக்கப்படுகிறதா என்று அவருக்குப் பதிலாக ஊரில் நின்று பார்க்க ஒரு கண் வேண்டியிருந்தது. அந்தக் கண்ணே கண்காணி.

இன்று அந்த இடத்தில் கேமரா இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழைய கண்காணி எங்கே பார்க்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். இன்றைய கேமராக்களில் ஒரு வகை, நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் ஆளே இல்லாமல் நிற்கிறது. அதை இடமும் வலமும் திருப்புவதும், மேலும் கீழும் சாய்ப்பதும், நெருக்கிக் காட்டுவதும் வேறோர் அறையில், சில வேளைகளில் வேறோர் ஊரில், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கை. நேரலைச் செய்தி என்று நாம் வீட்டில் பார்ப்பதில் கணிசமான பகுதி இப்படித்தான் வந்து சேர்கிறது. இந்தக் கை யாருடையது, அது எந்த விதிக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்விக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பெருநகரத்திலிருந்து பார்க்காமல், திட்டக்குடியிலிருந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் திட்டக்குடி என்று வாசகர்கள் கேட்கலாம். வெள்ளாற்றின் வடகரையில், கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் வட்டத் தலைநகரம் இது. ஊர்ப்பெயரை வசிட்ட முனிவரோடு சேர்த்துச் சொல்வது தலமரபு. வைத்தியநாதர் கோயில் ஊருக்கு அடையாளம். சற்று மேற்கே தொழுதூரில் வெள்ளாற்று நீரைத் தடுத்து அனுப்பினால் அது கீழ்ச்செருவாயில் இருக்கும் வெலிங்டன் ஏரியை நிரப்பும். அந்த ஏரியை நம்பியே சுற்றுவட்டாரத்து நெல் வயல்கள் உள்ளன. ஊரில் இரயில் நிலையம் இல்லை. சித்தாந்த சைவத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் மெய்கண்டாரின் ஊராக அறிந்திருக்கும் பெண்ணாடத்துக்குப் போய்த்தான் இரயில் ஏற வேண்டும். மாவட்டத் தலைநகரான கடலூரைவிட, வேறு மாவட்டங்களைச் சேர்ந்த அரியலூரும் பெரம்பலூரும் இவ்வூருக்கு அருகில் உள்ளன. சுருங்கச் சொன்னால், செய்தி நிறுவனங்களின் வரைபடத்தில் மூலையில் விழுந்த ஊர். கேமரா யார் கையில் என்ற கேள்வி மூலையில் இருப்பவர்களுக்கே உறைக்கும் என்பதால் இவ்வூரைத் தேர்ந்தோம்.

இந்த வட்டாரம் நாடறிந்த செய்தியின் விளிம்பில் நின்ற நாள் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில், சென்னையிலிருந்து பெண்ணாடம் வழியாகச் செல்லும் அதே தடத்தில் ஓடிய தூத்துக்குடி விரைவு வண்டி, அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அன்று இந்தியாவில் தொலைக்காட்சியே கிடையாது. தில்லியில் அது தொடங்கியது 1959 செப்டம்பர் 15 அன்று. 1939 முதல் இயங்கிய திருச்சி வானொலியும் மறுநாள் நாளிதழ்களுமே மக்களுக்குச் செய்தி சொல்லின. பார்த்தவர் சொல்ல, கேட்டவர் எழுத, படித்தவர் மனத்தில் காட்சி விரிந்தது. காட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, சொல்பவரிடமும் படிப்பவரிடமும் பாதிப் பாதியாக இருந்த காலம் அது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பாயிற்று. அக்காலத்துச் செய்திப் படங்கள் 16 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டன. படம் பிடித்து, நிலையத்துக்குக் கொண்டு வந்து, கழுவி, வெட்டி ஒட்டிய பிறகே ஒளிபரப்ப முடியும். 1980களில் குறைந்த சக்தி ஒலிபரப்பிகள் ஊர் ஊராக நிறுவப்பட்டபோதும் மாவட்டங்கள் பார்வையாளராகவே இருந்தன. காட்சி தலைநகரிலிருந்து ஊருக்கு வந்தது. ஊரிலிருந்து தலைநகருக்குப் போக வழியில்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் எதிர்த்திசைப் பாதை மெல்லத் திறந்தது. தனியார் ஒளிபரப்பாளர்களுக்கு இந்திய மண்ணிலிருந்தே செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சியை ஏற்றும் உரிமை அப்போது இல்லை. அயல்நாட்டு நிலையங்கள் வழியாகவே ஏற்ற வேண்டியிருந்தது. மாவட்டச் செய்தியாளர்கள் எடுத்த நாடாக்களோ பேருந்திலும் இரயிலிலும் பொட்டலமாகச் சென்னைக்குப் பயணம் செய்தன. காலையில் எடுத்தது இரவுச் செய்தியில் வந்தால் அது வேகம். இம்முறையில் ஒரு நன்மை இருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. கேமராவைத் திருப்பியவர் அவ்வூரை அறிந்தவர். எந்தக் கரை உடையும், எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நுழையும், யாரைக் கேட்டால் உண்மை வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சென்னையில் இருப்பவர் நாடாவை வெட்டலாம். ஆனால் எடுக்கப்படாத ஒன்றை எடுக்கச் சொல்ல அவருக்கு நேரம் இல்லை.

நேரலை இந்த உறவை மாற்றியது. செயற்கைக்கோளுக்கு நேரே ஏற்றும் கிண்ண ஆண்டெனாவைச் சுமந்த ஓ.பி. வேன்கள் 2000க்குப் பின் தமிழகச் சாலைகளில் பழக்கமாயின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, தேவனாம்பட்டினம் முதலிய மீனவ ஊர்களின் பெயர்களை நாடே அறிந்துகொண்டது. 2011 ஆகஸ்ட்டில் புதிய தலைமுறை வந்த பின் இருபத்துநான்கு மணிநேரத் தமிழ்ச் செய்திகளுக்குள் போட்டி கடுமையாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. புயல் என்றால் கடற்கரையில் நின்று பேசும் செய்தியாளரே நம் நினைவுக்கு வருகிறார். உள்நாட்டில் மரம் விழுந்த தோப்புக்குள் வேன் போவதற்குப் பாதை வேண்டும். பாதை இருந்தாலும் போகச் சொல்லும் ஆள் வேண்டும். வேன் எங்கே நிற்க வேண்டும் என்பது சென்னையில் முடிவாகும் விஷயம் ஆகிவிட்டது.

இனிக் கேமராவைத் தொலைவிலிருந்து ஆள்வது எப்படி என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். கேமராவின் அடியில் இரு மோட்டார்கள் கொண்ட தலைப்பகுதி இருக்கும். ஒன்று பக்கவாட்டில் திருப்பும். மற்றது மேலும் கீழும் சாய்க்கும். வில்லையின் நெருக்கம், கூர்மை, ஒளியளவு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சிறு மோட்டார்கள் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் அந்த ஆணை கம்பி வழியாகவோ இணையம் வழியாகவோ கேமராவுக்குப் போகும். அடிக்கடி தேவைப்படும் கோணங்களை எண்ணிட்டு முன்கூட்டியே நினைவில் வைத்துவிட்டால், ஒரு பொத்தானை அழுத்தினாலே கேமரா அந்தக் கோணத்துக்குப் போய் நிற்கும். காவல் துறையினரும் கடைக்காரர்களும் பி.டி.இசட். கேமரா என்று சொல்வது இதே வகையைத்தான்.

இதில் தொலைவு ஒரு விலை கேட்கிறது. நிலைத்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. காட்சி ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் சென்றாலும் கால் நொடி ஆகும். அதைப் பார்த்துக் கொடுக்கும் ஆணையும் அதே வழியில் போனால் இன்னொரு கால் நொடி. காட்சியைச் சுருக்கி விரிக்கும் கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. ஓடும் ஒருவரை அரை நொடிக்கு முந்திய காட்சியைப் பார்த்துக்கொண்டு துரத்தினால் கேமரா அவரைத் தவறவிட்டுவிடும். கண்ணாடி இழைக் கம்பியில் இந்தச் சிக்கல் இல்லை. சென்னைக்கும் திட்டக்குடிக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 250 கிலோமீட்டரை ஒளி அதில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய நேரத்தில் கடந்துவிடும். ஆகவே தொலைவிலிருந்து ஆளும் கேமரா, எங்கே நிலையான கம்பி இணைப்பும், திரும்பத் திரும்ப நிகழும் நிகழ்ச்சியும், அடங்கி உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் உண்டோ, அங்கே முதலில் வேரூன்றியது. அத்தகைய இடங்கள் இரண்டு. ஒன்று செய்தி அரங்கம். அமெரிக்காவின் என்பிசி நிறுவனம் 1980களின் பிற்பகுதியிலேயே தன் செய்தி அரங்கில் இயந்திரக் கேமராக்களை வைத்தது. மற்றொன்று சட்டமியற்றும் அவை. நம் கேள்விக்குப் பொருள் நிறைந்த இடம் இரண்டாவதே.

அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை 1979 மார்ச் 19 அன்று தன் நடவடிக்கைகளை ஒளிபரப்பத் தொடங்கியபோது கேமராக்களைத் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் கொடுக்கவில்லை. அவையே அவற்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, தன் ஊழியர்களைக் கொண்டு தொலைவிலிருந்து இயக்கியது. பேசுபவரை மட்டுமே காட்டுவது என்பது நடைமுறை. இதைப் பயன்படுத்தி, நாளின் அலுவல் முடிந்த பின் வெற்று இருக்கைகளின் முன் நின்று, எதிர்த்தரப்பை நோக்கி அறைகூவல் விடுப்பது போலப் பேசுவதைக் குடியரசுக் கட்சியினர் சிலர் வழக்கமாக்கினர். வீட்டில் பார்ப்பவருக்கு எதிர்த்தரப்பு வாயடைத்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். 1984 மே 10 அன்று ராபர்ட் வாக்கர் பேசிக்கொண்டிருக்கும்போது, அவைத்தலைவர் டிப் ஓ'நீல் கேமராவை முன்னறிவிப்பின்றி அவை முழுவதும் திருப்பச் சொன்னார். வெற்று இருக்கைகள் நாடெங்கும் தெரிந்தன. காட்டியது உண்மையே, ஆனால் விதியை ஒருவர் தன் விருப்பப்படி ஒரே நாளில் மாற்றினார் என்று பெருங்கலவரம் எழுந்தது. திருப்பாமல் இருந்தபோது ஒரு பொய்; திருப்பியபோது ஒரு முறைகேடு. இரண்டையும் செய்தது ஒரே கருவி என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பிரித்தானிய மக்களவை 1989 நவம்பர் 21 அன்று தொலைக்காட்சிக்குத் தன்னைத் திறந்தது. அங்கும் தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களே. ஆனால் எதைக் காட்டலாம் என்பதை எழுத்தில் வகுத்தார்கள். பேசுபவரின் தலையும் தோளும் தெரிய வேண்டும். அமளி எழுந்தால் அதை விட்டு அவைத்தலைவரையோ அவையின் பொதுத் தோற்றத்தையோ காட்ட வேண்டும் என்ற அளவுக்குக் கட்டுப்பாடு. மிகையான கட்டுப்பாடு என்று பலர் குறைகூறினர். பின்னர் சில விதிகள் தளர்த்தப்பட்டன. குறைகூற ஓர் எழுத்து இருந்ததால்தான் தளர்த்தவும் முடிந்தது என்பது நம் எண்ணம்.

இந்தியாவுக்கு வருவோம். 1989 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் நாடாளுமன்ற உரை முதன்முறையாக நேரலையில் வந்தது. 1994இல் கேள்வி நேரம் நேரலையாயிற்று. 2006இல் மக்களவைக்கெனத் தனித் தொலைக்காட்சி தொடங்கியது. 2021இல் அது மாநிலங்களவைத் தொலைக்காட்சியுடன் இணைந்து சன்சத் தொலைக்காட்சியானது. மக்களவையிலும் உறுப்பினரிடையே கேமராக்காரர் நடமாடுவதில்லை. பொருத்தி வைத்த கேமராக்கள் வேறோர் அறையிலிருந்து இயங்குகின்றன. 2014 பிப்ரவரி 18 அன்று தெலங்கானா மாநிலத்தை உருவாக்கும் மசோதா நிறைவேறிய வேளையில் நேரலை நின்றுபோயிற்று. தொழில்நுட்பக் கோளாறு என்றது அதிகாரப்பூர்வ விளக்கம், எதிர்ப்பாளர்கள் நம்பவில்லை. 2023 ஆகஸ்ட்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்மீது ராகுல் காந்தி பேசியபோது கேமரா அவரைவிட அவைத்தலைவரையே மிகுதியாகக் காட்டியது என்று காங்கிரஸ் கட்சி நிமிடக் கணக்குடன் முறையிட்டது. பேச்சைத் தடுக்கவில்லை, பேசியவரின் முகத்தை மட்டும் விலக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. தணிக்கையின் பழைய அகராதியில் இதற்குச் சொல் இல்லை.

தமிழகச் சட்டப்பேரவையின் கதை இன்னும் நெருக்கமானது. ஆட்சிகள் மாறினாலும் நெடுங்காலம் மாறாத நடைமுறை ஒன்று இருந்தது. நிதிநிலை அறிக்கை போன்ற சில நிகழ்வுகள் நீங்கலாக, பேரவையிலிருந்து தேர்ந்து கொடுக்கப்பட்ட காட்சித் துண்டுகளே தொலைக்காட்சிகளுக்குக் கிடைத்தன. நேரலை வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குகளும் தொடுக்கப்பட்டன. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரியபோது அவையில் பெரும் அமளி, எதிர்க்கட்சியான தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்ட பின் 122க்கு 11 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. மாநிலமே காத்திருந்த அந்த வாக்கெடுப்பு நேரலையில் இல்லை. மேசைகள் எப்படிக் கவிழ்ந்தன, சட்டை எப்படிக் கிழிந்தது என்பதை ஒவ்வொரு தரப்பும் தனக்கு வாய்த்த துண்டைக் கொண்டு விளக்கியது. பின்னர் 2022 ஜனவரி 6 அன்று கேள்வி நேரம் முதன்முறையாக நேரலையாக வந்தது. ஆட்சி மாறியிருந்ததால் முறையிடுவோரும் மாறினர்: தங்கள் தலைவர் பேசும்போது நேரலை துண்டிக்கப்படுகிறது என்று இம்முறை அ.தி.மு.க. முறையிட்டது.

திட்டக்குடிக்கு இதில் என்ன பங்கு என்றால், அவ்வூருக்கு இந்தக் கேமரா அன்றி வேறு சாளரம் இல்லை. தொகுதி மறுசீரமைப்பில் மங்களூர்த் தொகுதி நீங்கித் திட்டக்குடித் தனித்தொகுதி உருவாயிற்று. 2011 தேர்தல் முதல் அப்பெயரில் வாக்களிக்கிறார்கள். 2016இலும் 2021இலும் அங்கே வென்ற சி.வெ. கணேசன் 2021இல் அமைச்சரும் ஆனார். சென்னைவாசி வேண்டுமானால் அனுமதிச் சீட்டுப் பெற்றுப் பேரவையின் பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம். வெலிங்டன் ஏரியின் கரையைப் பலப்படுத்தச் சொல்லித் தம் உறுப்பினர் எழுந்தாரா, எழுந்தபோது யார் குறுக்கிட்டார்கள், அமைச்சர் என்ன முகத்தோடு விடை சொன்னார் என்பதைக் கீழ்ச்செருவாய் உழவர் அறிய வேண்டுமானால், முகம் தெரியாத ஒருவர் ஜாய்ஸ்டிக்கைத் திருப்ப வேண்டும். 2006க்குப் பின் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகளால் பார்க்கும் பெட்டி குடிசைக்கும் வந்துவிட்டது. எதைப் பார்க்கலாம் என்ற முடிவு மட்டும் கூடவே வரவில்லை.

தொலைவுக் கேமராவே தீது என்று நாம் சொல்ல வரவில்லை. கடலூர் மாவட்டத்தை 2015 மழை மூழ்கடித்தபோதும், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகியபோதும், நீர் சூழ்ந்த ஊர்களுக்குள் ஆள் போவது அரிதாக இருந்தது. ஆளில்லாமல் பறக்கும் டிரோன், சென்று காணமுடியாத இடத்தைக் காட்டியது. ஆயினும் மேலிருந்து பார்த்தால் வயல் தெரியும். அது யாருடைய வயல், கதிர் எந்தப் பருவத்தில் இருந்தது, மாடுகளை எங்கே கட்டினார்கள் என்பது தெரியாது. அதைச் சொல்லக் கீழே ஒருவர் வேண்டும். இன்றைய மாவட்டச் செய்தியாளர், பல சிம் அட்டைகளை ஒன்றிணைக்கும் தோள்பைக் கருவி ஒன்றைச் சுமந்து, வேன் இல்லாமலே நேரலை தருகிறார். அவரை விலக்கிவிட்டுக் கம்பத்தில் ஒரு கேமராவை மட்டும் வைப்பது செலவைக் குறைக்கும். கூடவே கண்காணியையும் குறைக்கும்.

தொடங்கிய இடத்துக்கே வருவோம். முதலாம் இராசராசர் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்த செய்தியைச் சொல்லும் செப்பேட்டை, லெய்டன் செப்பேடு என்று வாசகர்கள் அறிவார்கள். அரசர் வாய்மொழிந்த ஆணையை ஓலையாக எழுதியவர், ஒப்பிட்டவர், வரிப்புத்தகத்தில் பதிந்தபோது உடன் இருந்தவர்கள், ஊரில் பெண்யானை சூழ்ந்துவர எல்லை நடந்தபோது கூட நின்றவர்கள் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. படிப்பதற்கு அலுப்பூட்டும் பட்டியல் அது. ஆனால் ஆயிரம் ஆண்டு கழித்தும், தலைநகரில் பிறந்த சொல் எந்தெந்தக் கைகளின் வழியாக அந்த வயலின் எல்லைக்கு வந்தது என்பதை நாம் தொடர முடிகிறது. தொலைவிலிருந்து ஆண்டவர்கள், ஆண்ட கைகளின் பெயரை எழுதி வைத்தார்கள்.

நம் அவைகளின் காட்சிப் பதிவில் அப்படி ஒரு வரிசை இல்லை. எந்த நொடியில் எந்தக் கேமரா தேர்ந்தெடுக்கப்பட்டது, யார் சொல்லி, எந்த விதியின்படி என்பதைப் பதிவு தானே சொல்வதில்லை. இயந்திரத்துக்கு இது கடினமான வேலையும் அன்று. ஒவ்வொரு ஆணையையும் நேரத்தோடு குறித்து வைக்கக் கணினியால் எளிதில் இயலும். எனவே நாம் வேண்டுவன மூன்று. பேரவைக் கேமராக்கள் எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்ற விதியை எழுதி வெளியிட வேண்டும். ஒளிபரப்பாத காட்சிகளையும் சேர்த்து எல்லாக் கேமராக்களின் முழுப்பதிவையும் ஆவணக்காப்பகத்தில் வைக்க வேண்டும். நேரலை நின்றால், எத்தனை மணிக்கு, யார் ஆணையால் நின்றது என்பது அவைக்குறிப்பில் ஏற வேண்டும். பேச்சை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினால்கூட, நீக்கியது அவைத்தலைவர் என்பது அனைவருக்கும் தெரியும். காட்சிக்கும் அந்த அளவு நேர்மை போதும்.

இவை கிடைத்தால் நாளைய ஆய்வாளர் நமக்கு நன்றி சொல்வார். அதற்கு முன்பே, ஏரி நிரம்புமா என்று காத்திருக்கும் திட்டக்குடிக்காரருக்கு, தம் ஊரின் பேர் அவையில் ஒலித்தபோது கேமரா ஏன் வேறுபக்கம் பார்த்தது என்று கேட்க ஓர் ஆளாவது இருப்பார்.